ரெயில் ஏற மறுத்தது, கால்கள் மறுக்கவில்லை!
200 மைல் தூரத்தை வென்ற சுப்பிரமணிய சிவா

மதுரையிலிருந்து தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டிக்கு ஏறக்குறைய 200 மைல். கிலோமீட்டர் கணக்கில் சுமார் 320. இன்று பஸ்சில் ஏறி உட்கார்ந்தால் ஏழெட்டு மணி நேரத்தில் போய்ச் சேரலாம். வானத்தில் பறக்கும் விமானத்துக்கோ இது ஒரு தூரமே அல்ல. ஒரு மணி நேரத்துக்குள் தாண்டிவிடும்.

இதே தூரத்தை உடம்பெல்லாம் புண்ணோடு, மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் கடந்தார் ஒரு மனிதர். அந்தக் காலத்தில் ரெயில் இல்லையா? இருந்தது. டிக்கெட் வாங்கிக் கொடுக்க ஆள் இல்லையா? அன்பர்கள் பலர் இருந்தார்கள். ஆனால் அவர் ரெயிலில் ஏறக் கூடாது என்று வெள்ளைக்கார சர்க்கார் தடுத்துவிட்டது.

அந்த மனிதர்தான் வீரத் தியாகி சுப்பிரமணிய சிவா.

வத்தலக்குண்டில் பிறந்தவர்

1884ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் தேதி வத்தலக்குண்டில் சிவா பிறந்தார். அன்று அது மதுரை ஜில்லா. இன்று திண்டுக்கல் மாவட்டம். தந்தை ராஜம் ஐயர். தாய் நாகலட்சுமி அம்மாள். பெற்றோர் வைத்த பெயர் சுப்பராமன். சுப்பிரமணிய சிவா என்பது பின்னால் வந்த பெயர்.

குடும்பத்தில் வறுமை. பிள்ளைக்கோ படிப்பில் ஆசை. மதுரையில் படித்தார். பிறகு திருவனந்தபுரம் போனார். அங்கே தர்மச் சாப்பாடு கிடைத்தது. அதைச் சாப்பிட்டுக்கொண்டு படித்தார். அந்த நாள் வழக்கப்படி சிறு வயதிலேயே திருமணமும் முடிந்துவிட்டது. மனைவி பெயர் மீனாட்சி.

உத்தியோகம், சம்பளம், வீடு, வாசல் என்று அவர் வாழ்க்கை போயிருக்கலாம். அவர் மனம் அதில் நிற்கவில்லை. நாடு அடிமைப்பட்டுக் கிடக்கிறதே என்ற வேதனை உள்ளே எரிந்தது. திருவனந்தபுரத்தில் இளைஞர்களைக் கூட்டி ஒரு சங்கம் வைத்தார். தேசபக்தியைப் பற்றிப் பேசினார். திருவாங்கூர் சமஸ்தானத்துக்கு இது பிடிக்கவில்லை. ஊரை விட்டு வெளியே போகும்படி உத்தரவு வந்தது.

சிவா கவலைப்படவில்லை. மூட்டையைக் கட்டினார். ஊர் ஊராகப் பேசிக்கொண்டே நடந்தார்.

தூத்துக்குடியில் இடி முழக்கம்

அந்தச் சமயம் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனார் பெரிய காரியம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே வெள்ளைக்காரக் கம்பெனியின் கப்பல்தான் ஓடியது. அவர்கள் வைத்ததுதான் கட்டணம். அதை எதிர்த்து 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார் சிதம்பரனார். கடலில் போவதற்கும் பிறர் தயவு வேண்டுமா என்பது அவர் எண்ணம்.

1908ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சிவா அங்கே வந்து சேர்ந்தார். இருவரும் சேர்ந்தது நெருப்பும் காற்றும் சேர்ந்தது போல் ஆயிற்று. கடற்கரையில் தினமும் கூட்டம். சிவா பேச எழுந்தால் அலை ஓசையும் கேட்காது. கூலிக்காரர்களும், வண்டிக்காரர்களும், கடைக்காரர்களும் வேலை முடிந்ததும் ஓடி வந்தார்கள்.

தூத்துக்குடிக் கோரல் நூற்பாலைத் தொழிலாளர்களுக்குக் கூலி குறைவு. வேலை நேரம் அதிகம். ஞாயிற்றுக்கிழமை கூட ஓய்வு இல்லை. பிப்ரவரி 27ஆம் தேதி அவர்கள் வேலை நிறுத்தம் தொடங்கினார்கள். சிதம்பரனாரும் சிவாவும் துணை நின்றார்கள். ஒன்பது நாட்களில் முதலாளிகள் பணிந்தார்கள். கூலி உயர்ந்தது. ஞாயிறு விடுமுறையும் கிடைத்தது.

சர்க்கார் விழித்துக்கொண்டது. 1908 மார்ச் 12ஆம் தேதி திருநெல்வேலியில் இருவரும் கைதானார்கள். மறுநாள் நெல்லையில் மக்கள் கொதித்து எழுந்தார்கள். போலீசார் சுட்டதில் நான்கு உயிர்கள் போயின.

ராஜத்துரோக வழக்கு நடந்தது. ஜூலை 7ஆம் தேதி நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். சிவாவுக்கு 10 ஆண்டு தீவாந்தரம். சிதம்பரனாருக்கு இரட்டை ஆயுள் தண்டனை. அதில் ஒன்று, சிவாவுக்கு இடம் கொடுத்து ஆதரித்த குற்றத்துக்காக! நண்பனுக்குச் சோறு போட்டதற்கும் தண்டனை உண்டு என்று நாடு அன்று தெரிந்துகொண்டது. சென்னை ஐகோர்ட்டு பிறகு சிவாவின் தண்டனையை 6 ஆண்டாகக் குறைத்தது.

சிறை கொடுத்த நோய்

திருச்சிச் சிறையிலும் சேலம் சிறையிலும் சிவா வாடினார். அரசியல் கைதி என்ற சலுகை அப்போது கிடையாது. திருடனுக்கும் கொள்ளைக்காரனுக்கும் என்ன வேலையோ, அதே வேலைதான் அவருக்கும். அரை வயிற்றுக் கூழ். முறிகிற வேலை.

அங்கேதான் அவரைத் தொழுநோய் பற்றியது.

அந்த நோயின் பெயரைச் சொல்லவே மக்கள் பயந்த காலம் அது. பெருவியாதி என்று தாழ்ந்த குரலில் சொல்வார்கள். வந்தவரை வீட்டை விட்டு ஒதுக்குவார்கள். நோயைத் தீர்க்கும் மருந்தும் அன்று கிடையாது. சல்போன் வகை மருந்துகள் வந்ததே 1940களில்தான்.

1912 நவம்பரில் சிவா விடுதலையானார். உள்ளே போனபோது 23 வயது வாலிபர். வெளியே வந்தபோது 28 வயது நோயாளி.

இனிமேல் அடங்கிவிடுவார் என்று சர்க்கார் நினைத்திருக்கலாம். நடந்தது வேறு. சென்னையில் குடியேறி, 1913இல் ஞானபாநு என்ற மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். புதுச்சேரியில் மறைந்து வாழ்ந்த பாரதியார் அதற்கு எழுதி அனுப்பினார். சிவா பத்திரிகை நடத்தினார், புத்தகம் எழுதினார், தமிழ் மொழியைப் போற்றினார், தொழிலாளர் கூட்டங்களில் பேசினார். 1915இல் மனைவி மீனாட்சி காலமானார். துணை போயிற்று. நோய் மட்டும் கூடவே இருந்தது.

1921இல் காவி உடுத்திச் சுதந்திரானந்தர் என்று பெயர் வைத்துக்கொண்டார். அதே ஆண்டில் மறுபடியும் சிறை. நோய் முற்றிவிட்டதால் 1922இல் வெளியே விட்டார்கள்.

ரெயிலில் ஏறத் தடை

தொற்று நோய் உள்ளவரை ஏற்ற மாட்டோம் என்று சொல்ல ரெயில்வேக்களுக்கு 1890ஆம் ஆண்டுச் சட்டம் அதிகாரம் கொடுத்திருந்தது. சிவாவின் நோயைக் காட்டி, அவர் ரெயிலில் போகக் கூடாது என்று தடுத்தார்கள்.

காரணம் நோய். ஆனால் பலன் என்ன? காலையில் மதுரையிலும், மறுநாள் சேலத்திலும், அதற்கு அடுத்த நாள் சென்னையிலும் பேசக்கூடிய ஒரு பேச்சாளரை இருந்த இடத்திலேயே கட்டிப்போடலாம். வாய்ப்பூட்டுப் போட்டால் மக்கள் கேள்வி கேட்பார்கள். கால்பூட்டுப் போட்டால் யாரும் கேட்க மாட்டார்கள்.

அந்தக் காலத்து ரெயிலின் அருமை இன்று நமக்குப் புரிவது கடினம். மதுரையில் ஏறினால் திண்டுக்கல், திருச்சி, ஈரோடு, சேலம் வழியாக மொரப்பூர் வரலாம். மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906இல் சின்ன ரெயில் பாதை போட்டிருந்தார்கள். 1913இல் அது ஓசூர் வரை நீண்டது. தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டரை அடிதான் அகலம். பெட்டியும் சின்னது. வேகமும் கொஞ்சம்தான். ஆனாலும் காட்டு வழியில் வண்டி கட்டிப் போன தர்மபுரி மக்களுக்கு அது பெரிய வரம்.

இப்படி வண்டி மாறி மாறி ஏறினாலும், ஒன்றிரண்டு நாட்களில் மதுரைக்காரர் தர்மபுரிக்கு வந்துவிடலாம். சுற்று வழிதான், ஆனால் உட்கார்ந்துகொண்டே வரலாம்.

சிவாவுக்கு அந்த வாசல் மூடப்பட்டது. அவருக்கு மிஞ்சியவை இரண்டு. ஒன்று மாட்டு வண்டி. மற்றொன்று தன் சொந்தக் கால்.

நான்கு லட்சம் அடிகள்

ஒரு மைல் தூரம் நடக்க ஏறக்குறைய 2,000 அடி எடுத்து வைக்க வேண்டும். அப்படியானால் 200 மைலுக்கு நான்கு லட்சம் அடிகள்! நல்ல உடம்புக்காரர் நாளுக்கு 15 மைல் நடந்தாலும் பதின்மூன்று, பதினான்கு நாட்கள் ஆகும். மாட்டு வண்டி மணிக்கு இரண்டு மூன்று மைலுக்கு மேல் போகாது. மாடு களைத்தால் நிற்க வேண்டும். வெயில் ஏறினால் மரத்தடியில் ஒதுங்க வேண்டும்.

மதுரையிலிருந்து வடக்கே வரும் சாலை திண்டுக்கல்லைத் தாண்டுகிறது. வறண்ட கரூர்ச் சீமையைக் கடக்கிறது. நடுவே காவிரி. பிறகு நாமக்கல், சேலம். சேலத்துக்கு அப்பால் தொப்பூர்க் கணவாய். இன்றைக்கும் லாரிகள் மூச்சு வாங்கும் மலைப் பாதை அது. அதைத் தாண்டினால் தர்மபுரி. அங்கிருந்து பாப்பாரப்பட்டி இன்னும் 10 மைல்.

இது நல்ல கால் உள்ளவனுக்கே கஷ்டம். தொழுநோயாளிக்கு இது தண்டனை.

ஏன் தெரியுமா? தொழுநோய் நரம்பைத் தாக்கும். பாதத்தில் உணர்ச்சி போய்விடும். கல் குத்தினால் தெரியாது. முள் ஏறினால் தெரியாது. தரை சுட்டாலும் தெரியாது. தெரியாமலே நடப்பார்கள். புண் ஆழமாகும். சீழ் பிடிக்கும். பாதத்தில் புண் வந்த நோயாளிக்கு டாக்டர்கள் சொல்லும் முதல் வைத்தியமே காலுக்கு ஓய்வு கொடுப்பதுதான்.

ஓய்வு தேவைப்பட்ட அந்தக் கால்களுக்குத்தான் ரெயில் மறுக்கப்பட்டது. சிறை கொடுத்த நோயைச் சாலை வளர்த்தது.

ஆனாலும் சிவா வீட்டில் உட்காரவில்லை. புண்களைத் துணியால் மூடிக் கட்டிக்கொண்டார். ஊர் ஊராகப் போனார். ரெயில் நிற்கும் பெரிய ஊர்களில் மட்டும் பேசியிருக்க வேண்டியவர், ரெயிலையே பார்க்காத சின்னக் கிராமங்களுக்கும் போய்ச் சேர்ந்தார். சர்க்கார் அடைத்த வழி, மக்களிடம் போகும் வேறு வழியைத் திறந்துவிட்டது.

பாப்பாரப்பட்டியில் பாரதபுரம்

சிவாவின் மனத்தில் ஒரு பெரிய ஆசை இருந்தது. பாரத மாதாவுக்கு ஒரு கோயில் கட்ட வேண்டும். சாதி, மதம் பார்க்காமல் எல்லோரும் வந்து கும்பிட வேண்டும். நாடே தெய்வம் என்று மக்கள் உணர வேண்டும்.

அதற்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் பாப்பாரப்பட்டி. பெரிய நகரம் அல்ல. அந்நாளில் சேலம் ஜில்லாவில் அடங்கிய சிற்றூர். 1965இல் தர்மபுரி தனி மாவட்டமானது. இன்று ஊர் பென்னாகரம் தாலுகாவில் இருக்கிறது. அங்கே சின்னமுத்து முதலியார் என்ற தேசபக்தர் சிவாவுக்கு நண்பர். ஊரார் முகம் சுளிக்கும் நோயாளியை அவர் வெறுக்கவில்லை. தோள் கொடுத்தார். நிலம் வாங்கப்பட்டது. அந்த இடத்துக்குப் பாரதபுரம் என்று பெயர் சூட்டினார் சிவா. ஆசிரமமும் எழுந்தது.

1923 ஜூன் மாதம். கோயிலுக்கு அடிக்கல் நாட்டு விழா. நாட்டியவர் யார் தெரியுமா? வங்கத்துச் சிங்கம் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ்!

கல்கத்தாவிலிருந்து சென்னைக்கே ஆயிரம் மைலுக்கு மேல். அங்கிருந்து சேலம் ஜில்லாவுக்கு இன்னும் தூரம். நாடு முழுவதும் தெரிந்த தலைவர், பெரும் வக்கீல் தொழிலைத் துறந்தவர், அந்தச் சிற்றூருக்கு வந்து கல் நாட்டினார். ஆயிரம் மைல் கடந்து விருந்தாளி வந்துவிட்டார். விழா நடத்தியவருக்கோ பக்கத்து ஊருக்கு ரெயில் ஏறவும் உரிமை இல்லை. அடிமை நாட்டில் தூரம் எல்லோருக்கும் ஒன்றல்ல.

அடிக்கல் போட்டாயிற்று. கட்டடத்துக்குப் பணம் வேண்டுமே! மறுபடியும் சிவா புறப்பட்டார். மறுபடியும் வண்டி. மறுபடியும் நடை. ஊர் ஊராக நிதி திரட்டினார்.

கடைசிப் பயணம்

1925ஆம் ஆண்டு. சிவா மதுரையில் இருந்தார். உடல் முற்றும் தளர்ந்துவிட்டது. நாள் நெருங்குகிறது என்று அவருக்குத் தெரிந்தது. சாவதானால் பாரதபுரத்து மண்ணில் சாக வேண்டும் என்று விரும்பினார்.

ஜூன் 16ஆம் தேதி சித்தரஞ்சன் தாஸ் காலமானார். கல் நாட்டிய கை மறைந்தது. கோயில் இன்னும் எழவில்லை.

சிவா பாப்பாரப்பட்டிக்குத் திரும்பினார். ஜூலை மாதம் வந்து சேர்ந்தார். அதற்கு மேல் அவர் எங்கும் போகவில்லை.

1925 ஜூலை 23ஆம் தேதி, வியாழக்கிழமை, சுப்பிரமணிய சிவா கண் மூடினார். அப்போது அவருக்கு 41 வயது கூட நிறையவில்லை. நடந்து தேய்ந்த அந்த உடல் பாப்பாரப்பட்டி மண்ணிலேயே அடங்கியது.

கோயில் கட்டாமலே போய்விட்டார். சுதந்திரத்தையும் பார்க்காமலே போய்விட்டார். அதற்கு இன்னும் 22 ஆண்டுகள் இருந்தன.

தூரம் குறைந்தது

பிறகு எத்தனையோ மாறின. தர்மபுரியின் சின்ன ரெயிலை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941இல் நிறுத்தித் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள். பின்னாளில் சேலத்துக்கும் பெங்களூருக்கும் இடையே புதுப்பாதை வந்தது. இன்று தர்மபுரி ஸ்டேஷனில் பெரிய ரெயில்கள் நிற்கின்றன.

தொழுநோயும் இன்று தீராத நோய் அல்ல. 1980களிலிருந்து கூட்டு மருந்துச் சிகிச்சை நடக்கிறது. ஆறு மாதம் அல்லது ஒரு வருடம் மாத்திரை சாப்பிட்டால் குணமாகிவிடும். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் நோயும் அல்ல. பெரும்பாலான மனிதர்களின் உடம்பே அதை எதிர்த்து நிற்கும். தோலில் உணர்ச்சி இல்லாத வெளிறிய தேமல் தெரிந்தால் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். மருந்து இலவசம்.

ரெயில்வேயும் மாறிவிட்டது. சிகிச்சைக்குப் போகும் தொழுநோயாளிகளுக்கு, நோய் பரவாத நிலையில் இருப்பவர்களுக்கு, டிக்கெட்டில் முக்கால் பங்கு சலுகை உண்டு. ஒரு காலத்தில் ஏறாதே என்று விரட்டிய ரெயில், இன்று குறைந்த கட்டணத்தில் ஏறி வா என்று அழைக்கிறது. நோய்களிலும் பார்க்க அறியாமைதான் பெரிய நோய். அது தீர இத்தனை காலம் ஆயிற்று.

பாப்பாரப்பட்டியில் சிவாவுக்கு மணிமண்டபம் இருக்கிறது. அவர் கனவு கண்ட பாரத மாதாவுக்கு அங்கே நினைவாலயம் கட்டப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. தேசபந்து கல் நாட்டி 98 ஆண்டுகளுக்குப் பிறகு! மதுரையிலிருந்து நடந்து வர ஆன நாட்களை விட, ஒரு கனவு நிறைவேற ஆகும் நாட்கள் மிக அதிகம்.

அவர் பிறந்த வத்தலக்குண்டில் பஸ் நிலையத்துக்கு அவர் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். அங்கே பஸ்கள் வருகின்றன, போகின்றன. முதியவர்கள் ஏறுகிறார்கள். நோயாளிகள் ஏறுகிறார்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தாய்மார்கள் ஏறுகிறார்கள். நீ ஏறாதே என்று யாரும் யாரையும் தடுப்பதில்லை.

பிள்ளைகளுக்கு ஊர்களின் தூரத்தைச் சொல்லிக் கொடுக்கிறோம். மதுரைக்கும் தர்மபுரிக்கும் இத்தனை மைல், பஸ்சில் இத்தனை மணி, விமானத்தில் இத்தனை நிமிடம் என்று கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கோடு இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: நாம் காசு கொடுத்துக் கடக்கும் தூரத்தைத் தன் ரத்தம் கொடுத்துக் கடந்த ஒருவர், பாப்பாரப்பட்டியில் உறங்குகிறார்.